எகனாமிக் லைஃப்: ‘கட்டுபடி ஆயுள்’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

ஒரு மெஷினை எத்தனை வருஷம் வைத்திருந்தால் ஆண்டுச் செலவு மிகக் குறைவாக இருக்குமோ, அந்தக் காலம்தான் ‘எகனாமிக் லைஃப்’ (economic life). நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குப் ‘பொருளாதார ஆயுள்’ என்று எழுதி வருகிறோம். எனக்கு அது ஒட்டவில்லை. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் தொழிற்சாலை நடத்துகிறவருக்குப் பொருளாதாரம் என்றதும் மத்திய பட்ஜெட்தான் நினைவுக்கு வரும். தோலைச் சீவி ஒரே கனமாக்கும் அவருடைய ஷேவிங் மெஷின் வராது. பழைய மெஷினைப் பற்றி அவர் கேட்கிற கேள்வி, “இனிமேல் இதை ஓட்டினால் கட்டுபடியாகுமா?” என்பதுதான். அதனால் ‘கட்டுபடி ஆயுள்’ என்று முன்மொழிகிறேன்.

மெஷின் ஓடுகிற காலம் வேறு. பேரிங் மாற்றி, பிளேடு புதிதாகக் கட்டி எத்தனையோ வருஷம் இழுக்கலாம்; அதை ‘உழைக்கும் ஆயுள்’ எனலாம். வருமான வரிக்காக எந்திரங்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதுகிறோமே, அது ஏட்டுக் கணக்கு. நாம் பெயர் தேடுவது மூன்றாவதற்கு: ஆண்டுச் சராசரிச் செலவு எந்த வயதில் மிகக் குறைவோ, அந்த வயதுக்கு.

முந்தைய மடலில் ஒருவர் நல்ல தடை எழுப்பியிருந்தார். கட்டுபடி என்றால் நஷ்டம் வராத வரை என்றுதானே பொருள், மிகக் குறைந்த செலவு என்ற கருத்து அதில் எங்கே இருக்கிறது என்று. அதற்காக அவர் ‘சிக்கன ஆயுள்’ என்றார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், வட்டியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

மெஷின் விலை 10 லட்சம். ஒரு வருஷத்தில் விற்றால் 7 லட்சம் வரும், ஓட்டும் செலவு 40 ஆயிரம். விலையில் இறங்கிய 3 லட்சத்தையும் சேர்த்தால் அந்த வருஷச் செலவு 3.40 லட்சம். ஐந்து வருஷம் வைத்திருந்தால் விற்பனை விலை 3.30 லட்சம், அதுவரை ஓட்டிய செலவு மொத்தம் 5 லட்சம். சராசரி ஆண்டுக்கு 2.34 லட்சம். ஏழு வருஷம் வைத்தால் விற்பனை விலை 2.80, ஓட்டிய செலவு 10.50, சராசரி 2.53 லட்சமாக ஏறிவிடுகிறது. ஐந்தாம் வருஷம்தான் அடிமட்டம்.

இனி தனித்தனி வருஷமாகப் பாருங்கள். ஐந்தாம் வருஷம் மட்டும் விற்பனை விலையில் 50 ஆயிரம் இறக்கம், ஓட்டும் செலவு 1.80 லட்சம், ஆக 2.30. ஆறாம் வருஷம் 30 ஆயிரம் இறக்கம், 2.40 லட்சம் செலவு, ஆக 2.70. இதே மாதிரி புது மெஷின் வாங்கினால் ஆண்டுக்கு 2.34-க்கு முடிகிற வேலைக்கு, பழையதை வைத்து 2.70 கொடுக்கிறோம். கட்டுபடியாகவில்லை என்று மனுஷர்கள் சொல்வது இதைத்தானே? சராசரி அடிமட்டத்தைத் தொடும் வயதும் கட்டுபடி நிற்கும் வயதும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. தடை எழுப்பியவருக்கு இது போதும் என்று நம்புகிறேன்.

‘சிக்கன ஆயுள்’ எனக்குப் பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிக்கனம் பார்க்கிறவர் பழையதையே ஓட்டுவார் என்றுதான் படிப்பவர் எண்ணுவார். கருத்து தலைகீழாகிவிடும்.

ஓட்டும் செலவு என்பதையும் வரையறையில் விரித்து எழுத வேண்டும். பேரிங் ஆடத் தொடங்கினால் சீவிய தோலில் குறுக்கே வரிவரியாகத் தடம் விழும், கனம் ஓரிடத்தில் ஏறும், ஓரிடத்தில் இறங்கும். ஷூ கம்பெனி அதைத் தரம் குறைத்துத்தான் எடுக்கும். அந்த நஷ்டம் மெக்கானிக் பில்லில் இருக்காது, ஆனால் இந்தக் கணக்கில் கட்டாயம் சேர வேண்டும். மாறாக, வாங்கும்போது போட்ட 10 லட்சம் ஆறாம் வருஷக் கணக்கில் எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? இப்படி ஏற்கெனவே போட்டுவிட்ட, இனித் திரும்பப் பெற முடியாத பணத்துக்கு (sunk cost) ‘மீளாச் செலவு’ என்பது பொருத்தமாகவே இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

‘கட்டுபடி’, ‘கட்டுப்படி’ இரண்டும் வழக்கில் உள்ளன. ‘கட்டுப்பாடு’ என்று தவறாகப் படிக்க இடம் தராததால், ஒற்று இல்லாத வடிவத்தையே பட்டியலில் ஏற்றலாம் என்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.