டி-டைமர் ஒரு கிழமையில் இரட்டிப்பாகிவிட்டது, பயப்பட வேண்டுமா?

கொக்குவிலான்:
அப்பாவுக்கு 72 வயது. இன்புளுவென்சா வந்து, காய்ச்சல் விட்டு எட்டு நாள். இருமல் மட்டும் மிச்சம். போன கிழமை ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் சி.ஆர்.பி (அழற்சியைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை) 64, டி-டைமர் (இரத்தம் உறைவதைக் காட்டுவதாம்) 310. நேற்று வேறோர் இடத்தில் சி.ஆர்.பி 9, டி-டைமர் 640. இரண்டு முறையும் டி-டைமருக்குப் பக்கத்தில், எல்லை தாண்டியது என்று நட்சத்திரக் குறி. அழற்சி இறங்க, இரத்தம் உறைவது ஏறுமா? கனடாவில் இருக்கிற தம்பி இரவிரவாகப் போன் எடுத்து நுரையீரலில் இரத்தக்கட்டி என்கிறான். டொக்டரை நாளைக்குத்தான் பார்க்கலாம்.

ஆய்வுகூடத்து அக்கா:
எண்ணை விடுங்கோ. பக்கத்தில் சின்ன எழுத்தில் என்ன அலகு போட்டிருக்கு?

கொக்குவிலான்:
முதலாவதில் டி.டி.யு, மற்றதில் எஃப்.இ.யு. நான் கவனிக்கவே இல்லை.

ஆய்வுகூடத்து அக்கா:
அதுதான் விசயம். இரண்டும் டி-டைமரை அளக்கிற இரு வேறு அலகுகள். ஒரே இரத்தத்தைக் கொடுத்தாலும் எஃப்.இ.யு எண், டி.டி.யு எண்ணைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். உங்கள் 310-ஐ மாற்றினால் 620. அப்பா இருந்த இடத்திலேயே இருக்கிறார். இதை வாயால் சொல்லாமல் ரிப்போட்டை நீட்டுகிற ஆட்களில் எனக்கும் கோபம்தான்.

கிடுகு வேலியைப் பிரித்தால் ஒழுங்கையில் துண்டுகள் கிடக்கும் அல்லவா? உறைந்த இரத்தத்தின் பைப்ரின் இழைகளை உடம்பே அறுக்கும்போது, கட்டு அவிழாமல் விழும் துண்டுதான் டி-டைமர். எங்கோ ஒரு வேலி பிரிந்தது என்று அது சொல்லும், எந்த வளவு வேலி என்று சொல்லாது. கிருமித்தொற்று, சத்திரசிகிச்சை, கர்ப்பம், வயது, எல்லாவற்றிலும் ஏறும். 500 எஃப்.இ.யு என்பது பொது எல்லை. இரத்தக்கட்டி இருக்கும் வாய்ப்புக் குறைவு என்று டொக்டர் கருதினால், 50 வயதுக்கு மேல் வயதைப் பத்தால் பெருக்கி அதை எல்லையாக எடுப்பார்கள்: அப்பாவுக்கு 720, அவருடைய 640 அதற்குக் கீழேதான்.

சி.ஆர்.பி ஈரல் செய்வது. கிட்டத்தட்ட 19 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும், அதனால் நோய் அடங்கினால் மளமளவென்று இறங்கும். டி-டைமர் ஆறுதலாகத்தான் இறங்கும்.

ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், சளியில் இரத்தம் வந்தால் நாளை வரை இருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி.

சுன்னாகத்து மாமா:
இரத்தம் இளக அஸ்பிரின் அரைக்குளுசை கொடுங்கோ. என் வீட்டில் எல்லாரும் போடுறம்.

ஆய்வுகூடத்து அக்கா:
மாமா, கோவிக்காதேங்கோ. டொக்டர் சொல்லாமல் வேண்டாம். மாரி தொடங்கிவிட்டது, அடுத்த காய்ச்சல் டெங்குவாக இருந்தால் அஸ்பிரின் இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

கொக்குவிலான்:
காட்டியாயிற்று. டொக்டர் இரண்டு கெண்டைக்காலையும் நாடா வைத்து அளந்தார், விரலில் மாட்டிப் பார்த்ததில் ஒக்சிசன் 97. ஸ்கான் தேவையில்லையாம். அக்கா, நன்றி. தம்பிக்கு அலகை விளங்கப்படுத்தத்தான் முக்கால் மணித்தியாலம் போனது.