மூளை அறிவியலுக்குப் போக எந்த டிகிரி: சைக்காலஜியா, விலங்கியலா?

வணக்கம். தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பயோ-மேத்ஸ் குரூப். ஊர் மதுரை. நினைவும் கவனமும் மூளையில் எப்படி நடக்கின்றன என்பதைத்தான் படிக்க வேண்டும் என்கிறாள். பக்கத்தில் அதற்கென்று இளநிலைப் படிப்பு எதுவும் கிடைக்கவில்லை.

ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத்தேர்வு எழுதினாள், ரேங்க் போதவில்லை. வெளிநாடு கட்டுப்படியாகாது. இப்போது பிஎஸ்சி சைக்காலஜி ஒரு கல்லூரியில், பிஎஸ்சி விலங்கியல் இன்னொன்றில் கிடைத்திருக்கிறது. இரண்டு பாடத்திட்டத்தையும் வாங்கிப் பார்த்தோம். சைக்காலஜியில் புள்ளியியலும் சோதனை வடிவமைப்பும் நன்றாக இருக்கின்றன. ஆனால் நியூரான் (நரம்புச் செல்), சினாப்ஸ் (அந்தச் செல்கள் ஒன்றோடொன்று இணையும் இடம்) எல்லாம் ஒரே தாளோடு சரி. விலங்கியலில் உடலியங்கியல், மரபியல், ஆய்வகம் உண்டு. மனித நடத்தை பற்றி ஒன்றுமில்லை.

இவளை இழுத்தது ஹென்றி மொலைசனின் கதை. 1953-இல் வலிப்புக்காக அவர் மூளையின் இருபுறமும், நினைவுகள் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பகுதியை எடுத்தார்கள். அப்புறம் புது நினைவு எதுவும் தங்கவில்லை. ஆனாலும் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைவதில் நாளுக்கு நாள் தேறினார், முந்தைய நாள் வரைந்ததே ஞாபகம் இல்லாமல்! இதைப் புரிந்துகொள்ள உயிரியலும் வேண்டும், உளவியலும் வேண்டும் என்கிறாள். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது.

காந்திநகர் ஐஐடியின் எம்எஸ்சி அறிதல் அறிவியலுக்கு (காக்னிட்டிவ் சயின்ஸ்: மனம் எப்படி அறிகிறது, சிந்திக்கிறது என்று படிப்பது) எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அவளுக்கு ஆய்வகத்தில் மூளைச் செல்களோடு வேலை செய்யவும் ஆசை.

வெள்ளிக்கிழமைக்குள் கட்டணம் கட்ட வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைப் படித்து நியூரோசயின்ஸ் முதுநிலைக்குப் போனவர்கள், எதில் சேரச் சொல்வீர்கள்?