முதல் தூறலில் வண்டி சறுக்கியவர்கள் வந்து சொல்லுங்கள்

போன ஐப்பசியில் நடந்தது. இரவு எட்டரை இருக்கும், வண்டலூர் பக்கம் வந்துகொண்டிருந்தேன். தூறல் ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய மழை என்றால் ஓரங்கட்டியிருப்பேன், தூறல்தானே என்று நாற்பதில் போனேன். முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆளைப் பார்த்ததும் டக்கென்று நிற்க, நான் பின் பிரேக்கை ஓங்கி மிதிக்க, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வலப்பக்கம் விலகி, ஆள் ஒரு பக்கம் வண்டி ஒரு பக்கம். சறுக்கிய இடத்தைப் பார்த்தால், பாதசாரிகள் கடக்கப் போட்டிருந்த வெள்ளைப் பெயின்ட் பட்டை.

முட்டி தேய்ந்ததோடு போயிற்று. எழுந்து ரோட்டில் விரலைத் தேய்த்துப் பார்த்தேன்; கறுப்பாய், சோப்புத் தண்ணீர் மாதிரி வழவழவென்று வந்தது. மாதக்கணக்கில் சொட்டிய ஆயில், டயர் தூள், புழுதி எல்லாம் தூறலில் குழைந்து கிடக்கிறது. அடித்துப் பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், தூறலுக்கு அந்தத் தெம்பு இல்லை.

* * *

பின் பிரேக்கை மட்டும் நம்பியது தப்பு. பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் போகும், பின்சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும், அதனால்தான் பூட்டிக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்து மெதுவாக அழுத்த வேண்டும். 125 சிசிக்கு மேல் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் குறைந்தது முன்சக்கரத்துக்காவது ஏபிஎஸ் இருக்கும், அது அந்தச் சக்கரத்தைப் பூட்ட விடாது. ஆனால் ஏபிஎஸ் உராய்வை உண்டாக்காது சாமி, இருப்பதைத்தான் பயன்படுத்தும். பிரேக் பிடித்த பிறகு இருபதில் நிற்கத் தேவையான தூரம் நாற்பதில் இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய நாலு மடங்கு.

* * *

என்னைப் படுத்தியது வெளிச்சம். உளுந்தூர்ப்பேட்டை பைபாஸ், மழை விட்டிருந்தது. ஹை பீம் போட்டும் ரோடு கரிக்கட்டை மாதிரி கிடந்தது, கோடுகூடத் தெரியவில்லை. எதிர் லாரியின் வெளிச்சம் மட்டும் ரோட்டில் நீளமாய் வழிந்து கண்ணைக் குத்தியது. நடுரோட்டில் நின்ற எருமை பத்தடியில்தான் தெரிந்தது! காய்ந்த தார் சொரசொரப்பு, நம் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடித்துக் கொஞ்சத்தை நம் கண்ணுக்கும் அனுப்பும். தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பிவிட்டால் ரோடு கண்ணாடி ஆகிவிடும், நம் வெளிச்சம் முன்னால் ஓடிவிடும், எதிராளியுடையது நம்மிடம் வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் அதே ரோட்டில் மே மாத மத்தியானம் தூரத்தில் தண்ணீர் தேங்கின மாதிரி பளபளக்கும், கிட்டே போனால் ஒன்றும் இருக்காது. சூட்டுக் காற்றில் வானத்து வெளிச்சம் வளைந்து வருகிற கூத்து அது.

* * *

முதலில் டயரைப் பாருங்கள். பள்ளத்துக்குள் சின்னச் சின்ன ரப்பர் மேடு இருக்கும், டயர் தேய்ந்து அதற்குச் சமமாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

* * *

பார்த்தேன் அண்ணா. என் பின் டயரில் பள்ளமே இல்லை, மேட்டை எங்கே தேடுவது?