உயிர் வீட்டில் போகட்டும் என்று கேட்பவர்களை நாம் எப்படி அனுப்பிவைக்கிறோம்?

கேள்வி: முதலாண்டு முதுகலை மாணவர், பொது மருத்துவம்

மூத்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படித்து வருகிறேன். எங்கள் யூனிட்டின் அட்மிஷன் நாள்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு நிலைமைக்குப் பாடப்புத்தகத்தில் விடை இல்லாததால் இங்கே கேட்கிறேன்.

அண்மையில் எழுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவரை 108 ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். பிரஷர் மாத்திரையைச் சில மாதங்களாகவே நிறுத்தியிருந்தார். கண்மணிகள் குண்டூசி முனையளவுக்குச் சுருங்கியிருந்தன, சி.டி. ஸ்கேனில் மூளைத்தண்டில் பெரிய ரத்தக்கசிவு தெரிந்தது. வென்டிலேட்டரில் வைத்தோம். நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையினர் வந்து பார்த்து, அறுவை சிகிச்சையால் பயனில்லை என்று எழுதிவிட்டுச் சென்றார்கள். மறுநாள் மாலை எங்கள் யூனிட்டின் தலைமை மருத்துவரான சீஃப், மகன்களை அழைத்து, பிழைப்பது அரிது என்று சொன்னார். அன்றிரவு மூத்த மகன் என்னிடம் வந்து, "ஐயா, உயிர் வீட்டில் போகட்டும். பேரப்பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு சொட்டுப் பால் ஊற்றிவிட்டால் எங்களுக்கு மனம் ஆறும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சீஃபிடம் தொலைபேசியில் அனுமதி பெற்று, வழக்கமான வாசகத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துக் கேட்டேன். மருத்துவர்களின் ஆலோசனைக்கு எதிராக, எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்பதே அந்த வாசகம். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள் நாங்கள். எங்கள் ஆலோசனையை மீறியதாகக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அந்த வரியைப் படித்தவர், "அப்பாவை நாங்களே கொன்றதாக ஆகிவிடாதே?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன், ஆனால் தாளில் இருந்தது வேறு. பிறகு தொண்டைக் குழாயோடு, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை இளைய மகன் கையில் கொடுத்து, எத்தனை நொடிக்கு ஒருமுறை அழுத்த வேண்டும் என்று பயிற்சி மருத்துவரான ஹவுஸ் சர்ஜன் சொல்லிக்கொடுக்க, தனியார் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம்.

இப்படி அனுப்புவது கைவிடுவதாகாதா? அனுப்பத்தான் வேண்டும் என்றால் அதை இன்னும் ஒழுங்காகச் செய்ய வழி உண்டா? இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஹாஸ்டலுக்குத் திரும்பினால் அம்மாவிடம் பேச முடியவில்லை. முன்பெல்லாம் வார்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்வேன்; இப்போது "டியூட்டி முடிந்தது, தூங்கப் போகிறேன்" என்று வைத்துவிடுகிறேன். அம்மா என்ன கோபம் என்று தங்கையிடம் கேட்கிறாராம்.

பதில் 1: ஓய்வுபெற்ற பொது மருத்துவப் பேராசிரியர்

தம்பி, வீட்டுக்கு அனுப்புவது கைவிடுவதாகாது; ஏற்பாடு எதுவும் செய்யாமல் அனுப்புவதுதான் கைவிடுவது. காவிரிக் கரையிலானாலும் கொங்கு நாட்டிலானாலும் நம் மக்களுக்குச் சொந்த வாசலில், சொந்தபந்தம் சூழ உயிர் பிரிவது பெரிய காரியம். அதை அறியாமை என்று எண்ணி முகம் சுளிக்கும் மருத்துவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தவறான பார்வை.

உங்கள் மனத்தை அறுத்த அந்தத் தாளைப் பற்றி. குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து எடுத்த முடிவை, குடும்பம் மட்டும் எடுத்ததாகக் காட்டும் வாசகம் உண்மையல்ல. நோயின் நிலை, சீஃப் எப்போது யாரிடம் என்ன சொன்னார், குடும்பத்தார் என்ன கேட்டார்கள், அதற்கு நாம் ஏன் உடன்பட்டோம் என்பதை நேரம் குறித்து நான்கு வரிகளில் எழுதி சீஃபிடம் காட்டுங்கள். நிர்வாகம் படிவத்தையும் கேட்டால் இருக்கட்டும். உங்கள் குறிப்பு அதன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உயிர்காக்கும் கருவிகளை விலக்குவதற்கு முறையான வழி இருக்கிறது. கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கியது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரு மருத்துவர்களும் கொண்ட முதல் குழு, அதன் முடிவை உறுதிசெய்ய இரண்டாவது குழு, நீதித்துறை நடுவருக்குத் தகவல் என்பது அந்த ஏற்பாடு. இரண்டு குழுக்களும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்லிவிட வேண்டும். நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் இந்த வழியை யாரும் தேடிப் போவதில்லை. சுமை முழுவதும் இரவுப் பணியில் இருக்கும் இளைய மருத்துவர் தலையிலும் படிப்பறிவு குறைந்த மகன் தலையிலும் விழுகிறது. உங்கள் துறைத் தலைவரிடம் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

விபத்து, விஷம் போன்ற சட்டம் சார்ந்த கேஸ்களை இந்த வகையில் சேர்க்க வேண்டாம். அங்கே காவல்துறையும் பிரேதப் பரிசோதனையும் உண்டு; அதைக் குடும்பத்தாரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பதில் 2: ஒரு நோயாளியின் மகள்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். கல்லீரல் முற்றிலும் பழுதான நிலையில் என் தந்தையை இப்படித்தான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கையெழுத்து வாங்கிய இளம் மருத்துவர், நாற்காலியை இழுத்துப் போட்டு என் அம்மாவுக்கு நேரே உட்கார்ந்து, "மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் கறகற என்று சத்தம் கேட்கும், அதைப் பார்த்து அவர் வலியில் துடிக்கிறார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் அம்மா" என்றார். மறுநாள் விடியற்காலை அந்தச் சத்தம் கேட்டபோது அம்மா பதறவில்லை. அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு எங்களையெல்லாம் எழுப்பினார். அந்த மருத்துவரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவர் சொன்னது ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது.

பதில் 3: மூன்றாமாண்டு முதுகலை மாணவர்

நண்பரே, அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். உறக்கம் இல்லாத உடம்பால் துக்கத்தைத் தாங்க முடியாது. நம்மைப் போல் படித்துக்கொண்டே பணிசெய்யும் உறைவிட மருத்துவர்களின் வேலை சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரண்டும் எங்கள் டியூட்டி அட்டவணையில் இன்றுவரை ஏறவில்லை. ஆகவே பேசாமல் போவதற்குக் காரணம் உங்கள் குணம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டியூட்டி முடிந்த உடனே வீட்டுக்குப் பேசுவதை விட்டுவிட்டேன். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து மாலையில் அழைக்கிறேன். அப்போது வார்டைப் பற்றி நானாக எதுவும் சொல்வதில்லை. அம்மாவை ஊர்க்கதை சொல்லச் சொல்கிறேன். இறப்புகளைச் சக மாணவர் ஒருவரிடம் மட்டும் பேசுவது என்று வைத்திருக்கிறோம். அவரும் அப்படியே என்னிடம் பேசுவார். உங்கள் அம்மாவிடம், "கோபம் இல்லை அம்மா, ஒரு தாத்தா இறந்துபோனார், அதுதான்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எத்தனையோ சாவுகளைப் பார்த்தவர்கள் நம் அம்மாக்கள். நாம் நினைப்பதைவிட அதிகமாகத் தாங்குவார்கள்.

பதில் 4: ஸ்டாஃப் நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு

டாக்டர், நடைமுறையில் செய்யக்கூடியவற்றை எழுதுகிறேன். ஆம்பு பையோடு போகும் குடும்பத்துக்கு எல்லாவற்றையும்விடக் கொடியது, வீட்டுக்குப் போன பிறகு யார் நிறுத்துவது என்ற கேள்விதான். பையை அழுத்திக்கொண்டிருக்கும் கை அந்த மகனுடைய கை. கை ஓயும்வரை அழுத்துவார்கள், அல்லது ஆம்புலன்ஸில் வந்தவரே குழாயை எடுத்துவிட்டுப் போவார். இரண்டும் அவர்கள் மனத்தில் பல காலம் நிற்கும். எனவே கிளம்பும் முன்பே, வீடு போய்ச் சேரும்வரை உயிர் இருக்கும் என்று உறுதியில்லை, எங்கே எப்போது நிறுத்தினாலும் உங்கள் அப்பாவை எடுத்துக்கொண்டது அந்த ரத்தக்கசிவுதான் என்று மருத்துவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செவிலியர் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தானாக மூச்சுவிடும் நோயாளியென்றால் செய்ய இன்னும் நிறைய இருக்கிறது. சளியை உறிஞ்சி எடுத்து, வாயைத் துடைத்து, சிறுநீர்க் குழாயைப் பார்த்து, புதுத் துணி போர்த்தி அனுப்புவோம். புற்றுநோய் வலி உள்ளவர்களுக்கு வலிநிவாரணப் பிரிவில் சொல்லி மார்ஃபின் மாத்திரை வாங்கித் தர வேண்டும். 2014-இல் போதைமருந்துச் சட்டத்தைத் திருத்திய பிறகு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளுக்கு அது முன்பைவிட எளிது. சில நாள் தாங்கக்கூடியவர் என்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் செவிலியர்கள் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரை எழுதி, அங்கே ஒரு தகவலும் சொல்லிவிடுங்கள். வீட்டில் இறந்தாலும் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும், அதற்கு நம் டிஸ்சார்ஜ் சுருக்கம் உதவும் என்பதையும் சொல்லி அதை அவர்கள் கையில் கொடுங்கள். பல குடும்பங்கள் அந்தத் தாள் இல்லாமல் மீண்டும் வார்டுக்கு அலைகின்றன.