எம் ஜி அரைப்புள்ளி ஜி எச்

அப்பா ரயில்வேயில் ரிட்டையரான பிறகு தன் ஊர்க்கதைகளை நோட்டு நோட்டாக எழுதினார். 2002-ல் ஒரு டிடிபி கடையில் கொடுத்து டைப் அடித்து சிடியில் வாங்கியும் வைத்தார். அச்சுக்குப் போகவில்லை. அவரும் போய்விட்டார். போன போகிக்குப் பரணை ஒழித்தபோது அந்த சிடி கிடைத்தது.

சிடி போட வீட்டில் இப்போது என்ன இருக்கிறது? ரிச்சி ஸ்ட்ரீட்டில் யூஎஸ்பியில் மாட்டும் ஒரு சிடி டிரைவ் வாங்கினேன். ஃபைல் திறந்தது, உள்ளே தமிழைக் காணோம். அறுபது பக்கத்துக்கும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கொட்டிக் கிடந்தது. அங்கேயே ஒரு கடையில் காட்டினேன். "கரப்ட் ஆயிடுச்சு சார், ரெக்கவரி பண்ணணும், 1500 ஆகும்" என்றான் பையன்.

எதற்கும் இருக்கட்டும் என்று முதல் பக்கத்தை பிரிண்ட் எடுக்க ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். தாளை எடுத்துக் கொடுக்க வந்தவர் கொடுக்கவில்லை. உற்றுப் பார்த்தார். இடது கையில் தாள். வலது கை விரல்கள் கண்ணாடி மேஜையில் தட்ட ஆரம்பித்தன.

"எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, எச்... அப்பா. 'அப்பா என்னை ரயில் பார்க்கக் கூட்டிப் போனார்.' மேல படிக்கட்டுமா தம்பி?"

எனக்கு வாய் வரவில்லை.

சின்ன வயசில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணியவராம். யளனகபக, யளனகபக என்று அடித்து அடித்து விரலிலேயே ஏறிவிட்டது. பாமினி ஃபாண்டில் இருபது வருஷம் கல்யாணப் பத்திரிகை அடித்திருக்கிறார். அந்த ஃபாண்டும் டைப்ரைட்டர் வரிசைதான். ஆங்கில எழுத்து உட்காரும் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரைக் கேட்டால் அது 'எம்' என்றுதான் சொல்லும், நம் கண்ணுக்கு மட்டும் 'அ'. ஃபாண்ட் இல்லாத மெஷினில் குட்டு உடைந்துவிடுகிறது. ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எந்த மெஷினிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். இரண்டு நிமிஷம். பிரிண்டுக்கு மட்டும் காசு வாங்கினார். "வெள வர்ற இடமெல்லாம் ஒரு தடவை பாத்துக்குங்க" என்றார். அது மட்டும் புரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ராயப்பேட்டை, புரூஃப் பார்ப்பவள்

அந்த 'வெள'வில்தான் என் பாதி ஆயுள் போனது சார். பழைய ஃபாண்டில் 'ள' எழுத்தும் ஔகாரத்தின் பின்பாதியும் ஒரே வடிவம், ஒரே கீ. மாற்றும் மென்பொருளுக்கு எது எதுவென்று தெரியாது. கொம்பு, வ, ள என்று மூன்றும் வரிசையாக வந்தால் 'வௌ' என்று ஒட்டிவிடும். 'வெளியே' என்பது 'வௌியே' ஆகிவிடும். திரையில் புள்ளிப்புள்ளியாக ஒரு வட்டம் தெரியும் பாருங்கள், அதுதான் அடையாளம். செய்தித் தளங்களில்கூடப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் ஒரேயடியாக எல்லா ஔகாரத்தையும் பிரித்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை செய்தேன். பௌர்ணமி, மௌனம், கௌரவம் எல்லாம் உள்ளே கொம்பு தனி, 'ள' தனியாக உடைந்தன. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தேடினால்தான் கிடைக்காது.

அண்ணா நகர்

டயல்-அப் காலத்தில் ஒரு பத்திரிகைக்கு ஒரு ஃபாண்ட். படிக்க உட்காருவதற்கு முன் ஃபாண்டை இறக்க வேண்டும், இறங்குவதற்குள் லைன் கட். 1999 பிப்ரவரியில் இங்கே சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில்தான் தமிழ்99 விசைப்பலகை வந்தது. டாம், டாப் என்று கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துக்கான அரசு குறியீடுகளும் அப்போதுதான். அதற்குள் தமிழ் மடற்குழுக்களில் டிஸ்கி என்ற இன்னொரு குறியீடு பரவியிருந்தது. இத்தனைக்கும் 1991-ல் வந்த முதல் யூனிகோடிலேயே தமிழ் உண்டு. விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவும் வந்தாயிற்று. நாம்தான் 2010 வரை இழுத்தோம், அரசு அப்போதுதான் யூனிகோடுக்கு வந்தது. டிடிபிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பக்கம் வடிவமைத்த பேஜ்மேக்கர் மென்பொருளில் யூனிகோடு தமிழ் ஓடாது, அவர்கள் என்ன செய்வார்கள்?

வேளச்சேரி

உங்களுக்கு சிடியாவது இருந்தது. 2015 டிசம்பரில் எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர். சிபியு, சிடி, ஆல்பம் எல்லாம் போச்சு. மாமனார் எழுதிய குலதெய்வக் கதை ஒன்று மட்டும், எப்போதோ என் நாத்தனாருக்கு மெயிலில் அனுப்பியதால் மிஞ்சியது. அதுவும் இப்படி ஆங்கில எழுத்தாகத்தான் திறக்கிறது. வைரஸ் என்று நினைத்து அழிக்க இருந்தேன். ஐஸ் ஹவுஸில் எந்தப் பக்கம் அந்தக் கடை?

முதலில் எழுதியவன்

மசூதிப் பக்கம் இல்லை மேடம், கடற்கரை போகிற பக்கம். காலையில் போங்கள், மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்குவார்.

வட்டம் வட்டமாக முப்பது இடத்துக்கு மேல் இருந்தது, உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறேன். வெள்ளம், வெள்ளரிக்காய், வெளியூர். நேற்று ஒரு கவர் வாங்க அந்தக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும், "இருபதாம் பக்கத்துல மாடு காணாமப் போச்சே, கிடைச்சுதா தம்பி?" என்றார். மாற்றும்போது அவர் மெஷினில் ஒரு காப்பி தங்கியிருக்கிறது. சாயங்காலங்களில் படிக்கிறாராம்.

நான் இன்னும் பதினோராம் பக்கத்தில்தான் இருக்கிறேன்.