சிங்கப்பூர்–நியூயார்க் ஜேஎஃப்கே: தூரமும் நேரமும் ஏன் ஒத்துப்போகவில்லை?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு வரைபடக் கருவி சுமார் 15,300 கி.மீ. காட்டுகிறது. மணிக்கு 900 கி.மீ. என வகுத்தால் 17 மணி நேரம். டிக்கெட்டிலோ 18 மணி நேரத்துக்கும் மேல். எது சரி?

பதில் 1: இரண்டும் சரிதான். 15,300 என்பது பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரம். அந்தக் கோடு கிட்டத்தட்ட வடதுருவத்தின் மேலேயே போகிறது. விமானம் பெரும்பாலும் அப்படிப் போகாது. பசிபிக் மேலே அதிக உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு சுற்றிப் போகும். தூரம் 16,000-ஐத் தாண்டினாலும் எரிபொருள் மிச்சம். டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அடக்கம்.

பதில் 2: இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து இந்தக் குறுகிய தூரத்தை நீங்களே கணக்கிட்டால் மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போடுங்கள். பூமியின் மையத்தில் இரு ஊர்களுக்கும் இடையே கிடைக்கும் கோணத்தை ரேடியனில் (கோணத்தின் இன்னொரு அலகு; 180 டிகிரி = சுமார் 3.14 ரேடியன்) வைத்து, பூமியின் ஆரமான 6,371 கி.மீ.-ஆல் பெருக்குங்கள். டிகிரியிலேயே பெருக்கினால் அபத்தமான எண்தான் வரும், பலரும் சறுக்குவது இங்கேதான்.

பதில் 3: புறப்பாடு, வருகை இரண்டும் உள்ளூர் நேரம். நியூயார்க் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி பின்தங்கி இருக்கும். வருகை நேரத்திலிருந்து புறப்பாட்டு நேரத்தைக் கழித்து, அதோடு இந்த வித்தியாசத்தைக் கூட்டிய பிறகே பயண நேரம் கிடைக்கும்.