புதிதாக நானே சேர்த்த கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு நாலு தடவை படுத்துவிடுகிறது

இரவுக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாகத் தூக்கமில்லை, அதனால் கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு வருடம் உழைத்த பழைய கம்ப்யூட்டருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி முதல்முறையாக நானே அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, டிடிஆர்5 6000 ராம் (16 ஜிபி இரண்டு), ஆர்டிஎக்ஸ் 4060, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி). கூலர், பிராசசர் பெட்டியிலேயே வந்தது. விண்டோஸ் 11.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளிலிருந்து ப்ளூ ஸ்கிரீன், அதாவது நீலத் திரையில் பிழைச் செய்தி காட்டி விண்டோஸ் நின்றுவிடுகிறது. வீடியோ ரெண்டர் போடும்போது வந்தால்கூடப் பரவாயில்லை, சூடு என்று நினைத்துக்கொள்வேன். சும்மா செய்தி படித்துக்கொண்டிருக்கும்போது வருகிறது. ஒருமுறை டீ போடப் போய்த் திரும்பி வருவதற்குள் தானாக ரீஸ்டார்ட் ஆகி, பாஸ்வேர்டு கேட்டு நிற்கிறது.

வந்த செய்திகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: மெமரி மேனேஜ்மெண்ட், ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா, மறுபடி ஐஆர்க்யூஎல். இரண்டு முறை கீழே கிராபிக்ஸ் டிரைவரின் பெயர் இருந்தது. அதனால் டிரைவரைச் சுத்தமாக நீக்கி மறுபடி போட்டேன். விண்டோஸையே இரண்டு முறை புதிதாக நிறுவினேன். இரண்டாம் முறை நிறுவும்போது பாதியில் ‘பைல் கெட்டுப்போயிருக்கிறது’ என்று நின்று, மறுபடி முயன்றால் சரியாக முடிந்தது. விண்டோஸின் பதிவேடான இவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு வரிசையாக நிற்கிறது.

இன்னொரு விசித்திரம். பழைய டிஸ்கிலிருந்து கொண்டுவந்த ஒரு 9 ஜிபி ஜிப் பைலை மூன்று தடவை பிரித்தேன். முதல் தடவை சிஆர்சி பிழை (பைல் கெடவில்லையே என்று சரிபார்க்கும் எண் பொருந்தவில்லை). இரண்டாம் தடவை சுத்தம். மூன்றாம் தடவை மறுபடி பிழை, ஆனால் வேறு பைலில்! ஒரே ஜிப் எப்படி நேரத்துக்கு ஒன்று சொல்லும்?

கிராபிக்ஸ் கார்டைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன். கொடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் இங்கே.

கரண்ட் கம்பி:

41 என்றாலே பவர் பிரச்சினைதான், யோசிக்கவே வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பாருங்கள். பிராசசருக்குப் போகும் 8 பின் கேபிள் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா? மாடுலர் (கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும்) எஸ்எம்பிஎஸ் என்றால் வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் எதையும் கலந்துவிடவில்லையே? முனை பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும். அப்படி மாட்டி ஒரு ஹார்டு டிஸ்கைப் புகைய வைத்தவன் நான்.

பழைய இரும்பு:

கேபிள் விஷயம் பொன்னான எச்சரிக்கை. ஆனால் 41ஐப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘போன தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை’ என்று விண்டோஸ் மறுபடி எழுந்த பிறகு எழுதிவைக்கும் குறிப்பு அது, அவ்வளவுதான். நீங்கள் பவர் பட்டனை அழுத்திப்பிடித்து அணைத்தாலும் வரும், பிளக்கைப் பிடுங்கினாலும் வரும். ஏன் நின்றது என்பது அதற்கே தெரியாது.

தம்பிக்கு வந்திருப்பது ப்ளூ ஸ்கிரீன். கரண்ட் சப்பென்று போனால் நீலத் திரையை வரைய அங்கே யார் இருக்கிறார்கள்? விண்டோஸ் உயிரோடு இருந்து, தன் கணக்கு உதைப்பதைப் பார்த்து, தானே கையைத் தூக்கியிருக்கிறது. அதனால் எஸ்எம்பிஎஸ்ஸை இப்போதைக்கு விடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டையும் விடுங்கள். கீழே வரும் டிரைவர் பெயர் பல நேரம் குற்றவாளியுடையது அல்ல, அடிபட்டவனுடையது. ராமில் ஒரு பிட் புரண்டால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாரோ அவர் தலை உருளும். கிராபிக்ஸ் டிரைவர் பெரியது, எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது, அதனால் அடிக்கடி மாட்டிக்கொள்ளும். டிரைவர்தான் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வரும். உங்கள் நோட்டில் நாலு தடவைக்கு மூன்று விதம்.

எல்லாவற்றையும்விட அந்த ஜிப்தான் சாட்சி. எஸ்எஸ்டியில் அந்தப் பைலே கெட்டிருந்தால் மூன்று தடவையும் ஒரே இடத்தில் மாட்ட வேண்டும். இடம் மாறி மாறி மாட்டுகிறது, நடுவில் ஒருமுறை சுத்தமாகவும் வருகிறது என்றால், படிக்கப்பட்டபின் போகிற வழியில் கெடுகிறது. வழி என்றால் முதலில் ராம்.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டு செட்டிங்ஸ்) எக்ஸ்போ, அதாவது ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு, ஆனில் இருக்கிறதா? பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும் உங்கள் பிராசசருக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லியிருப்பது 5200தான். எக்ஸ்போ போட்டால் ராமின் வோல்டேஜ் 1.1லிருந்து வழக்கமாக 1.35க்கோ அதை ஒட்டியோ ஏறும். பலருக்கு ஓடுகிறது என்பது உண்மை, ஆனாலும் அது ஓவர்கிளாக்தான், அதாவது அதிகாரபூர்வ வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. முதலில் அதை அணையுங்கள். அதை மட்டும். வேறெதையும் தொடக்கூடாது, தொட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

இரவுக்குருவி:

தம்பி இல்லை ஐயா, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. ஆனாலும் பரவாயில்லை, வயது குறைந்த மாதிரி இருக்கிறது.

எக்ஸ்போவை அணைத்தேன். ராம் 4800க்கு இறங்கியது. நாலு நாள் ஒரு சத்தமும் இல்லை. வெற்றி என்று இங்கே எழுத உட்கார்ந்து, இரண்டு வரி அடித்ததும் நீலம். அந்தப் பதிவும் போய்விட்டது.

பழைய இரும்பு:

மன்னிக்க வேண்டும் அம்மா. குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அதுவும் ஒரு தகவல்தான்.

திருப்புளி:

இதே கதையை இன்டெல் 13, 14ஆம் தலைமுறை பிராசசரில் சொல்லியிருந்தீர்கள் என்றால் வேறு பக்கம் இழுத்திருப்பேன். அங்கே வோல்டேஜ் கோளாறு இருப்பதாக 2024இல் இன்டெல்லே ஒத்துக்கொண்டு மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) அப்டேட் கொடுத்தது. உங்களுடையது ரைசன், அதனால் அந்தக் கதை வேண்டாம்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். இலவசப் பதிப்பு 4 சுற்று ஓடும். 32 ஜிபிக்குப் பல மணிநேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னஸ்டிக் ‘பிழை இல்லை’ என்று சொன்னால் நம்ப வேண்டாம், அது மேலோட்டமாகத்தான் தேடும். மெம்டெஸ்ட்டில் ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், ‘ஒன்றுதானே’ என்று விடக்கூடாது.

பிழை வந்தால் ராமைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். இரண்டு ராமுக்கும் ஏதாவது அடையாளம் வைத்து, ஒன்றை மட்டும் ஏ2 ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள். அதாவது பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது. அப்புறம் மற்றதை அதே ஸ்லாட்டில். பிறகு இரண்டையும் தனித்தனியாக பி2வில், அதாவது நாலாவதில். ஆக நாலு சோதனை. கோளாறு ராமோடு இடம் மாறுகிறதா, ஸ்லாட்டிலேயே தங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒன்று சொல்ல மறந்தேன்: ராமை மாற்றியதும் முதல் பூட்டில் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். டிடிஆர்5 தன்னைத்தானே பழக்கிக்கொள்கிறது. பயந்து அணைத்துவிடாதீர்கள்.

இரவுக்குருவி:

அந்தக் கடைசி வரியை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன். மூன்று நிமிடம் கறுப்பு. ஃபேன் மட்டும் சுற்றுகிறது. கடவுள் பெயரெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் லோகோ வந்தது.

முதலில் இரண்டு ராமும் சேர்த்து: பதினோராவது நிமிடத்தில் சிவப்பு வரிகள். நிறுத்திவிட்டேன். பிறகு நாலு இரவு, நாலு சோதனை. ஒரு ராமில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி, இன்னொன்றில் ஒன்றுமில்லை.

புள்ளி ராம் ஏ2வில்: 4 சுற்று, பிழை 0. புள்ளி இல்லாதது ஏ2வில்: பிழை 0. புள்ளி ராம் பி2வில்: அரை மணிக்குள் 38 பிழை. புள்ளி இல்லாதது பி2வில்: முதல் சுற்றே முடியவில்லை, நூறைத் தாண்டிவிட்டது.

அப்படியானால் ராம் இரண்டும் நல்லது, மதர்போர்டு போய்விட்டது, சரிதானே? வாங்கிய இடத்தில் போனில் கேட்டேன். எதையும் விசாரிக்காமல், ‘ராமை அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்’ என்கிறார்கள்.

பழைய இரும்பு:

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். ராமை அனுப்ப வேண்டாம். மாற்றி வந்த ராமும் பி2வில் உட்கார்ந்து இதையேதான் செய்யும்.

மதர்போர்டு என்றும் உடனே முடிவு கட்டாதீர்கள். இந்தக் காலத்தில் ராமை நடத்தும் கண்ட்ரோலர் பிராசசருக்குள் இருக்கிறது. பி சேனலின், அதாவது பி ஸ்லாட்டுகளுக்கான பாதையின், கம்பிகள் ஸ்லாட்டிலிருந்து போர்டு வழியே சாக்கெட்டுக்குப் போய், அங்கே உள்ள பின்கள் வழியாகப் பிராசசரின் அடிப்பாகத்தைத் தொடுகின்றன. ஏஎம்5 சாக்கெட்டில் 1718 பின்கள், ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஸ்பிரிங். சிலது சரியாக அழுந்தாவிட்டால் ஒரு சேனல் மட்டும் திக்கும், மற்றதெல்லாம் ராஜா மாதிரி ஓடும். அதனால் சந்தேகப் பட்டியலில் மூன்று பேர்: ஸ்லாட், பிராசசர், நடுவில் உள்ள தொடுப்பு. மூன்றாவதைச் சோதிக்கத்தான் கையைத் தவிர எதுவும் தேவையில்லை.

கூலரை எப்படி முடுக்கினீர்கள் என்று நினைவிருக்கிறதா?

இரவுக்குருவி:

நன்றாகவே நினைவிருக்கிறது. நாலு ஸ்க்ரூ. ஒன்றைப் பிடித்து கடைசி வரை முடுக்கினேன். அடுத்தது பிடிக்கவே மாட்டேன் என்றது, கூலரைக் கையால் அழுத்திக்கொண்டு முடுக்கினேன். நடுவில் ‘கடக்’ என்று ஒரு சத்தம்.

திருப்புளி:

ஐயோ.

பழைய இரும்பு:

சரி, அதையே கழற்றிப் பார்ப்போம். எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, வயரை எடுத்து, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். கூலர் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றும் இரண்டு சுற்றுச் சுற்றாகத் தளர்த்துங்கள். கூலரை எடுத்துவிட்டு, சாக்கெட்டின் பூட்டுக் கம்பியைத் திறந்து, பிராசசரை ஓரத்தில் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். சாக்கெட்டில் விரலோ துணியோ படவே கூடாது, வாயால் ஊதவும் கூடாது, எச்சில் தெறிக்கும். போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பின்கள் எல்லாம் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒன்று வேறு பக்கம் மின்னினால் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள், நிமிர்த்த முயலாதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. நாலு ஸ்க்ரூவையும் முதலில் பிடிக்கிற மட்டும் விட்டு, அப்புறம் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக.

இரவுக்குருவி:

செய்துவிட்டேன். கை நடுங்கியதால் நடுவில் ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கூலரைத் தூக்கியதும் பேஸ்ட்டே கதையைச் சொல்லிவிட்டது. நான் முதலில் முடுக்கிய மூலையில் உலோகம் தெரிகிற அளவுக்குப் பேஸ்ட் நசுங்கியிருக்கிறது. எதிர் மூலையில் தோசை மாவு மாதிரி தடியாக, அழுத்தமே படாமல் நிற்கிறது.

பின்களை டார்ச்சில் அரை மணி பார்த்தேன். எல்லாம் ஒரே வரிசையில் மின்னின. ஆனால் ஒரு ஓரத்தில் பின்களுக்கு மேலே தலைமுடியில் பாதி மெலிசாக ஒரு நூல் கிடந்தது. பெட்டியைத் திறந்தபோது நான் போட்டிருந்த கம்பளிச் சட்டையிலிருந்து விழுந்ததாகத்தான் இருக்கும். கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் இரண்டு தடவை அடித்ததும் பறந்துவிட்டது.

திரும்பப் பூட்டி, புள்ளி ராமை ஏ2விலும் மற்றதை பி2விலும் போட்டேன். 4800இல் 4 சுற்று, பிழை 0. மறுநாள் இரவு எக்ஸ்போவை ஆன் செய்து 6000இல் 4 சுற்று. அதுவும் 0. காலையில் அந்த 9 ஜிபி ஜிப்பை இருபது தடவை பிரித்தேன். பிள்ளைகள் பக்கத்தில் நின்று எண்ணினார்கள்.

முடுக்கினதா, நூலா, எது காரணம்?

பழைய இரும்பு:

அதைச் சொல்ல வேண்டுமென்றால் நூலைத் திரும்ப வைத்துச் சோதிக்க வேண்டும். யாருக்கு அந்தத் தைரியம்? என் பந்தயம் ஸ்க்ரூ மேல்.

இரண்டு வேலை பாக்கி. அந்த விண்டோஸ் நிறுவியதே கெட்ட சேனல் வழியாகத்தான், அதனால் இன்னொருமுறை புதிதாக நிறுவுங்கள். இரண்டாவது, இத்தனை நாளில் பழைய டிஸ்கிலிருந்து இதற்குக் காப்பி செய்த எதையும் நம்பாதீர்கள். காப்பி ஆகும்போது ஒவ்வொரு பைலும் ராம் வழியாகத்தான் போகும். ஜிப்பில் சிஆர்சி இருப்பதால் அது கத்தியது. போட்டோக்களில் பெரும்பாலும் கத்த ஆள் கிடையாது. பழைய டிஸ்கை இன்னும் அழிக்கவில்லைதானே?

கரண்ட் கம்பி:

எஸ்எம்பிஎஸ் என்று அடித்துச் சொன்னேன், வாபஸ். என் கூலரையும் ஒருமுறை கழற்றிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

திருப்புளி:

ஓடுவதைக் கழற்றாதீர்கள்.

இரவுக்குருவி:

நல்லவேளை, அழிக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அழிப்பதாக இருந்தேன்.

விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகு, இரண்டு பக்கமும் உள்ள பைல்களின் ஹாஷ் (பைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து ஒப்பிட்டேன். பதினாலாயிரத்துச் சொச்சம் படங்களில் ஏழு பொருந்தவில்லை. ஆறைத் திறந்து பார்த்தால் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஏழாவதில் என் சின்னவளின் முதல் பிறந்தநாள். மேல்பாதியில் அவள் சிரிக்கிறாள், கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் பட்டை. பழைய டிஸ்கில் படம் முழுசாக இருக்கிறது. ஏழையும் அங்கிருந்து மறுபடி எடுத்துப் போட்டேன், இப்போது எல்லா ஹாஷும் பொருந்துகிறது.

எட்டு நாளாக நீலம் இல்லை.